திருவிழாவில் முகங்கள்

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும் வைகறைப் பொழுதில், கரையில் நிற்கும் குடும்பங்கள் யாவும் ஒரே திசையை நோக்கியிருக்கும். தங்கக் குதிரையில் வரும் அழகர் எந்நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதே அவர்களுடைய கவலை. பச்சைப் பட்டாயின் அவ்வாண்டு நாடு செழிக்கும் என்பதும், சிவப்பாயின் அமைதி குலையும் என்பதும் மக்கள் நம்பிக்கை. பட்டின் நிறம் கண்ணுக்குத் தெரியும் நொடியில் உழவன் முகத்திலும் அவன் மனைவி முகத்திலும் தோன்றும் மாறுதலைக் காமிரா பிடித்துவிடும். ஆனால், அவ்வாற்றலைப் பெறுவதற்கு அக்கருவி நெடுங்காலம் காத்திருந்தது.

சென்னையில் 1856-ஆம் ஆண்டில் நிழற்படக் கழகம் ஒன்று தோன்றிற்று. அக்காலத்திலேயே சென்னை அரசாங்கம் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரியை அரசாங்க நிழற்படக்காரராக அமர்த்திற்று. 1858-இல் அவர் மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலையும், திருமலை நாயக்கர் மகாலையும், தெப்பக்குளத்தையும் படமெடுத்தார். தூணில் உளிபட்ட இடமும் தெரியும் அளவிற்குத் தெளிவான படங்கள் அவை. ஆனால், அவற்றில் மக்கள் மிக அருகியே காணப்படுகின்றனர். மதுரை வெறிச்சோடியா கிடந்தது? அன்று; குறை கருவியினுடையது. மெழுகூட்டிய காகிதத்தில் ஒளி படிவதற்குப் பல நிமிடங்கள் வேண்டும். அதற்குள் ஓடித் திரியும் குழந்தை புகைபோல் மங்கிவிடும். விரைந்து நடப்பவன் அடியோடு மறைந்தே போவான். கல் அசையாது, ஆதலின் கோயில் பதிந்தது. திருவிழா அசைவது, அது பதியவில்லை.

உணர்ச்சியைப் படமெடுப்பது மேனாட்டிலும் எளிதாக இருந்ததில்லை. மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் வகைபற்றி டார்வின் 1872-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்குப் படங்கள் தந்தவர்களுள் ஒருவரான ரெய்லாண்டர், வியப்பையும் வெறுப்பையும் தாமே நடித்துக் காட்டிப் படமெடுக்க வேண்டியதாயிற்று! அறிவியல் நூலுக்கே நடிப்பு துணையாயிற்று என்பது வேடிக்கைதான்.

அதற்கு முந்திய ஆண்டில், 1871-இல், மேடாக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் ஊன்பசை பூசிய உலர்தகட்டு முறையை வெளியிட்டிருந்தார். அம்முறை திருந்தியபின் நொடியின் சிறு பகுதியிலேயே படமெடுத்தல் கைகூடிற்று. 1888-இல் கோடக் காமிராவும், 1925-இல் சிறிய லைக்கா காமிராவும் விற்பனைக்கு வந்தன. முக்காலியைத் தூக்கித் திரிந்தவன் இனிக் கூட்டத்திற்குள் ஒருவனாக நுழையலாம்.

எனினும் நம் குடும்பங்களிற் பல, அதன் பின்னரும் நெடுநாள் படநிலையத்திற்குச் சென்றே படமெடுத்துக்கொண்டன. விழாவிற்கு வாங்கிய புத்தாடையுடன், வரைந்த திரைச்சீலையின் முன், அசையாதே என்ற கட்டளைக்கு அடங்கி நின்றனர். அப்படங்களைக் கண்டு, நம் முன்னோர் சிரிக்கவே அறியாதவர் என்று கருதும் மாணவர் உளர். அது பெரும்பிழை. படநிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அவர்கள் எப்படிச் சிரித்தனர் என்பதைப் பதிந்து வைப்பார் இல்லை, அவ்வளவே.

விழாவிலே முகங்களை எடுக்க விரும்புபவன் சாமிக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். பிறர் அழகரைப் பார்க்க, அவன் பிறரைப் பார்க்கிறான். மாமன் மடியில் மொட்டை போடப்பெறும் குழந்தை வீறிட்டு அழுகிறது, பாட்டி சிரிக்கிறாள், தாய் சிரிப்பதா அழுவதா என்று அறியாமல் நிற்கிறாள். காமிராவைக் கண்டுவிட்டாலோ மூவரும் முகத்தைத் திருத்திக்கொள்வர்! ஆகவே, படமெடுப்பவன் ஓசையின்றி எடுத்துவிடுகிறான். எடுத்தபின்? பல நூல்களில் அத்தாய் "கிராமப் பெண்" என்ற இரு சொற்களோடு நின்றுவிடுகிறாள். படம் ஊரெல்லாம் சுற்றுகிறது. அவள் வீட்டுச் சுவருக்கு மட்டும் வருவதில்லை. எடுத்தவன் அவளிடம் சென்று சொல்லி, அவள் இசைவு பெற்று, ஒரு படியை அனுப்புவதே முறை என்பது என் துணிபு. நேர்த்திக்கடன் செலுத்திக் கண்ணீர் விடும் ஒருத்தியை, அவள் வேண்டாமென்றால், எடுக்காமலே விடலாம். அவள் அழுதது நமக்காக அன்று.

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது, மீனாட்சி திருக்கல்யாணம் சில பட்டர்களோடு மட்டும் நடந்தது. அழகர் வைகைக்கு வரவில்லை. அன்று கோயிலுக்குள் எடுத்த படங்களில் கூட்டத்தைக் காணோம். டிரைப் எடுத்த படங்களின் வெறுமை மீண்டும் வந்திருந்தது. இம்முறை குறை கருவியினுடையது அன்று. திருமாங்கல்யதாரணத்தின்போது புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் வழக்கமுடைய பெண்கள், அவ்வாண்டு வீட்டிலிருந்தே நேரலையைப் பார்த்து மாற்றிக்கொண்டனர். 2021-லும் ஆற்றில் விழா இல்லை. 2022 ஏப்ரல் 16-இல் அழகர் வைகையில் இறங்கியபோது கரையில் மீண்டும் மக்கள் நெருங்கி நின்றனர்; காமிராக்களும் அவர்கள் பக்கம் திரும்பின.