படலம்

படலம் (பெயர்ச்சொல்): மேலே படிந்த மெல்லிய அடுக்கு, கண்ணை மறைக்கும் திரை, நூலின் உட்பிரிவு. 'படு', 'படர்' ஆகியவற்றோடு முடிச்சுப் போட ஆசை வரும். ஆனால் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 'படல' என்ற வடசொல்லையே மூலமாகக் காட்டுகிறது. கம்பராமாயணக் காண்டங்கள் படலங்களாகப் பிரிந்தவை. பேச்சுவழக்கில் 'சமாதானப் படலம்' என்றால் கொஞ்சம் கேலியும் கலந்திருக்கும்.

இயற்பியலில் இது 'மென்படலம்'. 1960-இல் தியோடர் மைமன் இயக்கிய முதல் லேசரில், மாணிக்கக் கோலின் இரு முனைகளிலும் வெள்ளிப் படலம் பூசியிருந்தது. ஒளி வெளியேற ஒரு முனையில் சிறு திறப்பு. இன்றைய லேசர் ஆடிகளில் உலோகத்துக்குப் பதில் சிலிக்கா, டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற பொருள்கள் மாறிமாறிப் படிகின்றன. ஒவ்வொரு அடுக்கின் தடிமனும், அப்பொருளுக்குள் ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு. 1064 நானோமீட்டர் லேசருக்கு ஒரு சிலிக்கா அடுக்கு ஏறத்தாழ 183 நானோமீட்டர்தான். அடுக்குதோறும் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதால் 99.9 விழுக்காட்டுக்கு மேலும் எதிரொளிப்புக் கிடைக்கும்.

லேசர் கற்றையின் வடிவத்தையும் படலத்தால் மாற்றலாம். வெற்றிடத்தில் ஆவியாக்கிய பொருளைத் துளையிட்ட தகட்டின் வழியே படியவிட்டால், படலம் நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும். எதிரொளிப்பும் அவ்வாறே நடுவிலிருந்து படிப்படியாகக் குறையும். திடீரென முடியும் ஆடி, விளிம்பு விளைவால் கற்றையில் வளையங்களை எழுப்பும்; சரிவான படலம் அவற்றைப் பெரிதும் அடக்கிவிடுகிறது.