விழுங்கும்வரை காத்திருந்தவர்கள்

தூண்டிலில் மிதக்கும் தக்கை எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் 1496ஆம் ஆண்டிலேயே அச்சில் கணக்குச் சொல்லிவிட்டார்கள். அன்றைய தூண்டில் கயிறு குதிரை வால் மயிரில் திரித்தது. ஒற்றை மயிர்க் கயிறு என்றால் தக்கை பட்டாணி அளவு, இரண்டு மயிர் என்றால் அவரை விதை அளவு, பன்னிரண்டு மயிர் என்றால் வால்நட் அளவு. பொத்தல் இல்லாத தக்கைக் கட்டையைக் காய்ச்சிய கம்பியால் துளைத்து, இறகுத் தண்டைச் செருகிக்கொள்ள வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டரில் விங்கின் டி வோர்ட் அச்சிட்ட நூலில் வரும் இந்தக் குறிப்புகளை எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னியாஸ்திரீ என்று நெடுங்காலம் நம்பப்பட்டது.

அதே நூலில் ஒரு குறும்பும் உண்டு. பைக் என்ற நன்னீர் மீனுக்கு இரை கோத்த கயிற்றை ஒரு வாத்தின் காலில் கட்டிவிட்டால், வாத்து ஜெயிக்கிறதா மீன் ஜெயிக்கிறதா என்று கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாமாம்.

இவ்வளவு நுணுக்கமாக எழுதிய காலத்தில், முள் மீனின் உடம்பில் எங்கே போய்க் குத்துகிறது என்பது யாருக்கும் கவலையாக இல்லை. பிடித்த மீன் சமையலறைக்குத்தான் போகும். உதட்டில் மாட்டினால் என்ன, குடலில் மாட்டினால் என்ன? சொல்லப்போனால் குடலில் மாட்டுவதே மேல், நழுவாது.

பைக் மீன் விஷயத்தில் இது ஒரு முறையாகவே வளர்ந்தது. நம் விராலைப் போல நீர்ச்செடிகளுக்குள் பதுங்கியிருந்து பாயும் மீன் அது. சிறு மீனைக் குறுக்கே கவ்வி, தன் இடத்துக்குக் கொண்டுபோய், தலைப்பக்கமாகத் திருப்பி, அதன் பிறகே விழுங்கும். கவ்விய உடனே சுண்டினால் இரை வாயிலிருந்து உருவி வந்துவிடும் என்று தூண்டில்காரர்கள் பயந்தார்கள். எனவே கயிற்றைத் தளர விட்டுக் காத்திருந்தார்கள். ஐசக் வால்டனின் ‘தி கம்ப்ளீட் ஆங்ளர்’ வெளிவந்த 1653இலும் இதே வழக்கம்தான். 1682இல் ராபர்ட் நாப்ஸ் ‘தி கம்ப்ளீட் ட்ரோலர்’ என்று இந்த மீனுக்காகவே தனி நூல் எழுதினார். அவருடையது தக்கை இல்லாத தூண்டில். விழுங்க விடுவது மட்டும் அங்கேயும் மாறவில்லை.

இதற்கென்றே உருவான கருவிக்குக் ‘கார்ஜ்’ தூண்டில் என்று பெயர். ஈயம் பொதிந்த தண்டும் இரட்டை முள்ளும் கொண்டது. நீண்ட ஊசியால் செத்த சிறு மீனின் உடலுக்குள் கம்பியைச் செலுத்தி, முட்கள் இரண்டும் அதன் வாயோரம் நிற்கும்படி இழுத்துக் கட்டுவார்கள். பைக் அதை எடுத்ததும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிமிடக்கணக்கில் நிற்பார்கள். பிறகு இழுத்தால் முள் வயிற்றில் பிடித்திருக்கும். அப்படிப் பிடிபட்ட மீன் முழங்கை நீளமா, உள்ளங்கை நீளமா என்பது கரைக்கு வந்த பிறகுதான் தெரியும். உள்ளங்கை நீளம் என்றாலும் திருப்பி விட்டுப் பயனில்லை. மீனின் இதயம் தொண்டைக்குக் கீழே, செவுள்களை ஒட்டினாற்போல இருக்கிறது. தொண்டைக்குள் இறங்கிய முள்ளைப் பிடுங்கும்போது கிழிவது பெரும்பாலும் அந்தப் பகுதிதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காற்று மாறியது. தொழிற்சாலை நகரங்களின் உழைப்பாளிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி ஆற்றங்கரைகளுக்கு வந்தார்கள். தூண்டில் சங்கங்களும் போட்டிகளும் பெருகின, மீன் குறைந்தது. ஷெஃபீல்டு தொகுதி உறுப்பினர் ஏ. ஜே. முண்டெல்லா முன்னின்று 1878இல் கொண்டுவந்த நன்னீர் மீன்வளச் சட்டம், மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை பைக் போன்ற நன்னீர் மீன்களைப் பிடிக்கத் தடை போட்டது. முட்டையிடும் பருவத்தில் மீனை விட்டுவைக்க வேண்டும் என்று சட்டமே சொன்ன பிறகு, சிறு மீனின் வயிற்றில் முள்ளை இறக்குவது கண்ணை உறுத்தத் தொடங்கியது.

விக்டோரியா காலத்தில் பைக் பிடிப்பதில் பெயர் வாங்கிய ஆல்ஃபிரட் ஜார்டைன் பெயரில் வழங்கும் ‘ஸ்னாப்’ தூண்டில் அந்தக் காலத்துப் பொருள். மும்முனை முட்கள் இரண்டை இரை மீனின் வெளிப்புறத்தில், விலாவிலும் முதுகுத் துடுப்பருகிலும் மாட்டுவார்கள். ஒரு முள்ளைக் கம்பியில் மேலும் கீழும் நகர்த்தி இரையின் நீளத்துக்குச் சரிசெய்துகொள்ளலாம். பைக் குறுக்கே கவ்வும்போதே முட்கள் அதன் வாய்க்குள் இருக்கும், உடனே சுண்டலாம். காத்திருக்க வேண்டிய காரணமே போய்விட்டது.

ஆனாலும் பழக்கம் லேசில் போகவில்லை. புதிய தூண்டிலைக் கட்டிக்கொண்டே பழைய மாதிரி காத்திருந்தவர்கள் ஏராளம். அவர்கள் பயன்படுத்திய தக்கையும் அதற்குத் துணை போனது. ‘ஃபிஷிங் கெஜட்’ பத்திரிகையின் பெயரால் அழைக்கப்பட்ட உருண்டைத் தக்கை, பக்கவாட்டில் பிளவும் நடுவில் ஒரு குச்சியும் கொண்டது. கயிற்றை அவிழ்க்காமலே மாட்டலாம், கழற்றலாம். வசதிதான். ஆனால் அவ்வளவு பெரிய உருண்டை, மீன் நின்ற இடத்திலேயே இரையை விழுங்கினாலும் கரைப் பக்கமாக நீந்தி வந்தாலும் ஒன்றும் காட்டாது. அது முழுதாக மூழ்கும் நேரத்தில் இரை தொண்டையைத் தாண்டியிருக்கும்.

அடுத்த திருப்பத்துக்குக் காரணம் ஒரு கெண்டை. 1952 செப்டம்பரில் ஹெர்ஃபோர்ட்ஷயரில் உள்ள ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் 44 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ எடையுள்ள கெண்டையைப் பிடித்தார். அதைச் சமைக்கவில்லை, பாடம் செய்து சுவரில் மாட்டவும் இல்லை. லண்டன் விலங்குக் காட்சிசாலைக்கு உயிரோடு கொடுத்தார். அங்கே அது 1971 வரை வாழ்ந்தது. சாதனை மீனைப் பொதுமக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். பெரிய மீன் மறுபடியும் பிடிக்கத் தக்கது, அதற்கு அது உயிரோடு இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தலைமுறையில் வேரூன்றியது.

வாக்கரின் நண்பர் ஃப்ரெட் ஜே. டெய்லரும் அவருடைய சகோதரர்களும் டென்ச் என்ற நன்னீர் மீனுக்காகப் பரப்பிய ‘லிஃப்ட்’ முறையில் அந்த எண்ணத்துக்கு ஏற்ற தூண்டிலைப் பார்க்கலாம். மயில் தோகையின் தண்டில் ஒரு துண்டு நறுக்கி, அடிமுனையை மட்டும் ரப்பர் வளையத்தால் கயிற்றில் பொருத்த வேண்டும். முள்ளிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்தில் ஒரே ஒரு ஈயக்குண்டு. நீரின் ஆழத்தைவிடச் சற்று அதிகமாகக் கயிறு விட்டு, குண்டு தரையில் உட்காரும்வரை கயிற்றை இழுத்துப் பிடித்தால் தண்டு செங்குத்தாக நிற்கும். டென்ச் தலைகீழாகக் கவிழ்ந்து தரையிலிருந்து இரையை எடுக்கும், பிறகு நிமிரும். நிமிரும்போது குண்டும் கூடவே எழும். பாரம் நீங்கிய தண்டு நீருக்கு மேலே உயர்ந்து சாய்ந்து படுத்துவிடும். அந்தக் கணத்தில் இரை மீனின் உதடுகளுக்கு இடையில்தான் இருக்கிறது.

எல்லாத் தக்கைத் தூண்டிலுக்கும் பொருந்தும் கணக்கு இதற்குள் இருக்கிறது. கடைசி ஈயக்குண்டுக்கும் முள்ளுக்கும் இடையிலுள்ள கயிறு தக்கைக்குத் தெரியாத கயிறு. அது அரை மீட்டர் என்றால், மீன் அரை மீட்டர் நகரும்வரை மேலே செய்தி வராது, அதற்குள் விழுங்கிவிடும். கடிப்பது பட்டும் படாமலும் இருக்கும் நாளில் குண்டை முள்ளருகே இறக்குவதும், தக்கையின் நுனி மட்டும் நீருக்கு மேலே தெரியும்படி பாரம் ஏற்றுவதும் இதற்காகத்தான். முள் மிகச் சிறியதாக இருந்தால் எளிதில் உள்ளே போய்விடும். தண்டு நீண்ட முள் என்றால் பிடித்துக் கழற்றக் கை வாகாக இருக்கும்.

1970களில் பைக் பிடிப்பவர்களும் இந்த வழிக்கு வந்தார்கள். 1977இல் உருவான பைக் ஆங்ளர்ஸ் கிளப், மீனைச் சேதமில்லாமல் விடுவிப்பதைத் தன் முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டது. மீனின் வாயை விரித்து வைக்கும் ஸ்பிரிங் கம்பி மெல்ல வழக்கொழிந்து, அறுவை சிகிச்சை அறையின் இடுக்கி தூண்டில் பெட்டிக்குள் வந்தது. ஆழமாகக் குத்திய முள்ளைப் பிடுங்குவதைவிட, கயிற்றை முள்ளருகே வெட்டிவிட்டால் மீன் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்று பிற்கால ஆய்வுகள் பலவும் காட்டின.

ஈயக்குண்டின் கதை தனி. கரையில் சிந்திய குண்டுகளைக் கூழாங்கற்களோடு விழுங்கிய அன்னங்கள் தேம்ஸ் நதியில் ஈய நஞ்சால் செத்தன. 1987 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான ஈயக்குண்டுகள் விற்பனைக்குத் தடைசெய்யப்பட்டன. டங்ஸ்டன் கலந்தவை அந்த இடத்தைப் பிடித்தன. முள்ளருகே வைக்கும் கடுகளவு குண்டுகள் இன்றும் ஈயமாக இருக்கலாம்.

இன்று இங்கிலாந்தின் பல கெண்டைக் குளங்களில், நழுவாமல் பிடிக்கும் பின்முள் இல்லாத முள்ளுக்கு மட்டுமே அனுமதி. இதே முள்ளை ஸ்விட்சர்லாந்தும் 2008இன் விலங்குப் பாதுகாப்பு விதிகளில் பொது விதியாக்கியது. ஆனால் திருப்பி விடும் நோக்கத்தோடு மீன் பிடிக்கவே கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன: உணவுக்காக அல்லாமல் ஒரு மீனை முள்ளில் மாட்டி இழுப்பதே துன்புறுத்தல் என்பது அவர்கள் வாதம். இங்கிலாந்துக்காரர் மீன் நீந்திப் போவதற்காகத் தேர்ந்தெடுக்கும் முள்ளை, ஸ்விஸ்காரர் வீட்டுக்குக் கொண்டுபோகும் மீனுக்காக மாட்டுகிறார்.