விருதுநகர் வெடிகுண்டு வழக்கு

தமிழகத்தின் புரட்சி இயக்கங்களைப் பற்றிப் பேசுவோர் மணியாச்சியில் தொடங்கி மணியாச்சியிலேயே முடித்துவிடுவது வழக்கம். 1911 ஜூன் 17ஆம் நாள் நெல்லை ஆட்சியர் ஆஷை அங்கே சுட்டு வீழ்த்திய வாஞ்சிநாதன், நீலகண்ட பிரம்மச்சாரியின் பாரத மாதா சங்கத்தைச் சார்ந்தவர். 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை சாத்தூரும் திருவில்லிபுத்தூரும் நெல்லை மாவட்டத்தில்தான் இருந்தன. ஆதலின் அத்துப்பாக்கியின் ஓசை நம் கரிசல் மண்ணுக்கு அயலானதன்று. அந்நாளில் விருதுபட்டியில் வளர்ந்துவந்த காமராசருக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை.

அவர் தேர்ந்துகொண்டது காந்தியடிகளின் வழி. 1930இல் வேதாரணிய உப்புப் போராட்டத்தில் ஈடுபட்டு முதன்முறையாகச் சிறை சென்றார். 1932இல் மீண்டும் சிறைவாசம். அப்போது வேலூர்ச் சிறையில், லாகூர்ச் சதி வழக்கில் பகத்சிங்குடன் தண்டிக்கப்பட்ட ஜெயதேவ் கபூர், கமல்நாத் திவாரி ஆகியோருடன் பழகும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. வழி வேறாயினும் அவர்களின் தியாகத்தை அவர் மதித்தார்.

1933இல் விருதுநகர்க் காவல் நிலையத்திலும் திருவில்லிபுத்தூர் அஞ்சலகத்திலும் குண்டு வீசிய வழக்கில் காமராசர் பெயரையும் காவல்துறை சேர்த்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும், மதுரை மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று போற்றிய ஜார்ஜ் ஜோசப்பும் அவருக்காக வாதாடினர். குற்றச்சாட்டு அடிப்படையற்றதென நிறுவப்பட்டது, காமராசர் விடுதலையானார்.

இவ்வழக்கைச் சிறு நிகழ்ச்சியெனத் தள்ளுதல் தகாது. 1923 முதல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியிருந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தொழில் அது. கந்தகமும் தீக்குச்சி மருந்தும் அன்றாடப் பொருளாகிவிட்ட வட்டாரத்தில் வெடிகுண்டுக் குற்றம் சாட்டுவது எளிது. ஆனால் நீதிமன்றம் வேண்டுவது சான்று. அஃது அரசிடம் இல்லை. அகிம்சைத் தொண்டரையும் குண்டு வீசியோரையும் ஒரே கயிற்றால் கட்டிவிட முயன்ற ஆட்சியின் அச்சமே இங்கு வெளிப்படுகிறது. அம்முயற்சி வென்றிருப்பின், 1940இல் தமிழ்நாடு காங்கிரசின் தலைவரையும் 1954இல் முதலமைச்சரையும் நாம் இழந்திருப்போம்.

கவிஞர்களாகிய நாம் வாஞ்சியைப் பாடும்போது கதர் கட்டியவரைக் கோழையென்றும், காந்தியைப் பாடும்போது துப்பாக்கி ஏந்தியவரை வழிதவறியவரென்றும் எழுதிவிடுகிறோம். வேலூர்ச் சிறையில் அவ்விருவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர், ஒருவரையொருவர் அறிந்தனர். நம் மண்ணைப் பாடும் கவிதையிலும் அவ்விருவருக்கும் இடம் இருத்தல் வேண்டும்.