ஏடு காத்த நஞ்சு

பனை வளஞ் செறிந்த வேலணை முதலிய தீவுகளில் ஒரு காலத்தில் ஏடு வீட்டுப் பொருளாயிருந்தது. வைத்தியம், சோதிடம், புராணம் யாவும் ஓலையிலேயே வாழ்ந்தன. உப்புக் காற்றும் கறையானும் இராமபாணப் பூச்சியும் அவற்றின் பகைவர். அப்பகையை வெல்ல முன்னோர் கையாண்டவை பெரும்பாலும் அடுக்களைச் சரக்குகளே. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, இலவங்கம், கறுவாப்பட்டை, கற்பூரம் ஆகியவற்றின் பொடியை முடிந்து ஏடுகளிடையே வைக்கும் வழக்கம் புகழ்பெற்றது.

ஆயினும் பழமையெல்லாம் தீங்கற்றதெனக் கொள்ளுதல் தவறு. வடநாட்டிலும் நேபாளத்திலும் பூச்சி அணுகாதிருக்கத் தாள்களுக்கு மஞ்சள் நிற அரிதாரம் பூசினர். அது பாடாண வகையைச் சேர்ந்த நஞ்சு. கூத்தர் முகப்பூச்சுக்கு அரிதாரம் என்ற பெயர் வந்ததும் அதனாலேயே.

ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டில் பெக்கர் என்னும் பிரெஞ்சுக்காரர் வெள்ளைப் பாடாணத்தைச் சவர்க்காரத்துடன் கலந்து, பறவைத் தோலின் உட்புறத்திற் பூசும் முறையைக் கண்டார். தேசாதிபதி சேர் வில்லியம் கிறெகரியின் முயற்சியாற் கொழும்பு நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டபோது, அம்முறை உலகெங்கும் வேரூன்றிவிட்டது. உலர்த்திய தாவரங்களுக்கோ வீரம் எனச் சித்தர் வழங்கிய இரச உப்பின் கரைசலைத் தடவினர். பொருள்கள் பிழைத்தன. ஆனால் எதற்கு எந்த நஞ்சு இடப்பட்டதென்று பலவிடங்களிற் குறித்து வைப்பாரில்லை.

பின்னர் வந்தது டீ.டீ.ரீ. அதன் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939இல் கண்டறிந்த பவுல் முல்லர் 1948இல் நோபெல் பரிசு பெற்றார். 1934-35இல் மலேரியாவால் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிரை இழந்த இலங்கையில், 1963இல் பதினேழு நோயாளரே காணப்பட்டனர் என்றால், அம்மருந்தை அக்கால மக்கள் போற்றியதில் வியப்பில்லை. அதே தூளை நூலகங்களிலும் நூதனசாலைகளிலும் தூவியோரை இன்று பழித்தல் நேர்மையாகாது. எனினும் அது எளிதில் அழியாதது. உடற் கொழுப்பிற் சேர்வது.

இத்தகைய நஞ்சு பூசிய பொருள் கண்ணாடிப் பேழையை விட்டு வெளியேறும்போதே இடர் மிகுகின்றது. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஹோப்பி குடியினருக்குத் திரும்பி வந்த சடங்குப் பொருள்கள் சிலவற்றிற் பாடாணம் இருந்தது பின்னரே தெரிய வந்தது. தெய்வத்தன்மை வாய்ந்ததென அவர்கள் கையேந்தி வாங்கியதில் நஞ்சும் உடன்வந்தது!

இறகடியிலும் உரோமத்தின் அடியிலும் வெண்பொடியோ பளிங்குத் துகளோ தென்படுதல், தாவரத் தாளிற் கருஞ்சாம்பற் கறை படிதல் ஆகியன ஐயத்துக்குரிய அடையாளங்கள். பூச்சியுருண்டை நாற்றமும் அவ்வாறே. அதற்காக எவரும் மூக்கை அருகிற் கொண்டுசெல்லலாகாது. அடையாளம் காணாமை நஞ்சின்மைக்குச் சான்றுமன்று. எக்ஸ் கதிர்க் கருவி பாடாணத்தையும் இரசத்தையும் பொருளைச் சிதைக்காமலே காட்டும். டீ.டீ.ரீ. போன்றவற்றுக்கு ஆய்வுகூடச் சோதனையே வேண்டும்.

வரலாறு அறியாத பழம்பொருளை நஞ்சுடையதாகவே கருதிக் கையாளல் தக்கது. கையுறையும் நுண்துகள் தடுக்கும் முகமூடியும் இன்றியமையாதன. தூசியை ஊதுதல், துடைப்பத்தாற் கூட்டுதல், பொருளைக் கழுவுதல் ஆகாதன. எச்சில் தொட்டு ஏடும் தாளும் புரட்டும் நம்மவர் வழக்கம் எல்லாவற்றினும் கொடிது. பணி முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும்; அவ்விடத்தில் உண்ணலும் பருகலும் கூடா. பாடசாலையிற் கிடக்கும் பஞ்சடைத்த பழைய பறவையை மாணவர் கையிற் கொடுப்பதும் நன்றன்று.

இன்று பல நூதனசாலைகள் பொருள்களைக் கடுங்குளிரில் வைத்தோ, நைதரசன் வாயுவால் ஒட்சிசனை அகற்றியோ பூச்சிகளைக் கொல்கின்றன. பழைய நஞ்சை முற்றாக நீக்குதல் பெரும்பாலும் இயலாது. ஆதலின் இட்ட மருந்தின் பெயரும் ஆண்டும் தெரிந்தால் அவற்றைப் பேழையின்மேல் எழுதுவர். தெரியாவிடின், நஞ்சு இருக்கலாம் என்ற எச்சரிக்கையையேனும் எழுதி ஒட்டுவர்.