அளவையும் வகைப்பாடும்: இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இயற்கை அறிவியல், மொழியியல், பொறியியல் ஆய்வுகள்

1. முன்னுரை

இயற்கை அறிவியல், மொழியியல், பொறியியல் ஆகியவை நம் பல்கலைக்கழகங்களில் தனித்தனிப் புலங்களாக இயங்கி வருகின்றன. ஒரு புலத்தில் தோன்றிய ஆய்வுக் கருவி மற்றொரு புலத்தைச் சென்றடைந்த வரலாறு அரிதாகவே எழுதப்படுகிறது. இந்தியாவில் இம்மூன்று துறைகளும் ஒரே வளாகத்தில் வளர்ந்த இடங்களுள் கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனம் குறிப்பிடத்தக்கது. அங்குத் துறைவிட்டுத் துறை சென்றது அளவிடும் முறையாகும். ஆனால் எதனை அளப்பது, அளந்தவற்றை எவ்வகைகளில் அடக்குவது என்னும் முடிவு ஒவ்வொரு முறையும் அளத்தலுக்கு முன்பே எடுக்கப்பட்டது. அம்முடிவில் மொழியியலுக்கு உரிய இடம் யாது என்பதை அந்நிறுவனத்தின் வரலாற்றைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. உடலளவும் தொலைவும்

நிறுவனத்தைத் தோற்றுவித்த பி.சி. மகலனோபிஸ் (1893-1972) இயற்பியலாளர். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர். 1920இல் நாகபுரியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டின்போது, இந்திய விலங்கியல் அளவாய்வுத் துறையின் இயக்குநராக இருந்த நெல்சன் அனண்டேல், கல்கத்தா ஆங்கிலோ இந்தியர்களிடம் தாம் திரட்டிய உடலளவுகளைப் பகுத்தாராயுமாறு அவரைக் கேட்டுக்கொண்டார். அதன் விளைவாக, ஆடவர் 200 பேரின் உயரத்தைப் பற்றிய அவருடைய முதல் புள்ளியியல் கட்டுரை 1922இல் வெளிவந்தது.

1931 டிசம்பர் 17இல் நிறுவனம் தோன்றியது. 1933இல் அதன் ஆய்விதழ் 'சாங்க்யா' தொடங்கப்பெற்றது. எண் என்னும் பொருளோடு ஆராய்ந்து துணிந்த அறிவு என்னும் பொருளும் தழுவிய வடசொல்லை அவர் தேர்ந்தெடுத்ததில் ஒரு கொள்கை அடங்கியுள்ளது. எண்ணிக்கை அறிவுக்குத் துணை, எண்ணிக்கையே அறிவாகிவிடாது.

உடலளவு ஆய்வுகளிலிருந்தே 'மகலனோபிஸ் தொலைவு' என இன்று உலகெங்கும் வழங்கும் அளவை உருவாயிற்று. அதன் முழு வடிவம் 1936இல் வெளிவந்தது. இரு மக்கட் குழுக்களிடையே உள்ள வேறுபாட்டைப் பல அளவுகளைக் கொண்டு மதிப்பிடும்போது இரண்டு இடர்கள் எழுகின்றன. உயரமும் மூக்கின் அகலமும் ஒரே அளவில் மாறுபடுவன அல்ல. அவற்றை அப்படியே கூட்டினால் பெரிய எண் சிறிய எண்ணை மறைத்துவிடும். மேலும், உயரம் மிகுந்தவருக்குக் கையின் நீளமும் மிகுந்திருக்கும். இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டால் ஒரே வேறுபாடு இருமுறை எண்ணப்பட்டுவிடும். அளவுகளின் பரவலையும் அவற்றிடையே உள்ள ஒட்டுறவையும் கருத்திற்கொண்டு இவ்விரு பிழைகளையும் நீக்குவதே இவ்வளவையின் சிறப்பு.

ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. குழுக்களிடையே உள்ள தொலைவைச் சூத்திரம் தரும். குழுக்கள் எவை என்பதை அது கூறாது. வங்காளத்துச் சாதிகள், பழங்குடிகள் பற்றி எச்.எச். ரிஸ்லி 1891இல் வெளியிட்ட அளவுகளை மகலனோபிஸ் 1933இல் மறுபரிசீலனை செய்து திருத்தினார். எண்கள் திருத்தம் பெற்றன; ஆனால் அவ்வெண்களைத் தாங்கிய குழுப்பெயர்கள் குடியேற்ற ஆட்சியின் கணக்கெடுப்பு வகுத்தவையே.

3. பல துறைகள் கூடிய வளாகம்

விடுதலைக்குப் பின் நிறுவனத்தின் எல்லை விரிந்தது. 1956இல் இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்ட எச்.இ.சி.-2எம் கணிப்பொறி இங்கு நிறுவப்பட்டது. இந்தியாவில் நிறுவப்பட்ட முதல் மின்னணுக் கணிப்பொறி அதுவே. 1957இல் மரபியலறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் நிறுவனத்தில் சேர்ந்து 1961 வரை பணியாற்றினார். 1959இல் நாடாளுமன்றச் சட்டம் நிறுவனத்திற்குத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்னும் தகுதியை அளித்தது.

இலண்டனிலிருந்து வந்த பமீலா ராபின்சனின் வழிகாட்டுதலில் புவியியல் பிரிவு உருவாயிற்று. அப்பிரிவினர் கோதாவரிப் பள்ளத்தாக்கில் கண்டெடுத்த பேருருவத் தொல்லுயிரி 1975இல் 'பராபாசாரஸ் தாகுரி' எனப் பெயர் பெற்றது. 'பரா' என்பது பெரிய என்றும், 'பா' என்பது கால் என்றும் பொருள்படும் வங்காளச் சொற்கள்; 'சாரஸ்' பல்லியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் திரிபு; 'தாகுரி' என்பது தாகூரின் பெயர் இலத்தீன் வேற்றுமை உருபு ஏற்ற வடிவம். நான்கு மொழிக் கூறுகள் ஒரே பெயரில் இணையும்போது, அவற்றை இணைக்கும் இலக்கணம் மட்டும் இலத்தீனுடையதாக இருப்பது கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் கருதத்தக்க செய்தியாகும்.

மொழியாய்வும் இதே வளாகத்தில் இடம்பெற்றது. யூகோசுலாவிய ஒலியியலறிஞர் ஜோர்ஜே கோஸ்திச், ரியா தாஸுடன் இணைந்து எழுதிய வங்காள ஒலியியல் நூல் 1972இல் வெளிவந்தது. புதைபடிவத்தை அளப்போரும், பேச்சொலியை அளப்போரும், கணிப்பொறியை இயக்குவோரும் அண்டை அறையினராயினர்.

4. பத்து உயிரும் ஆறு வகுப்பும்

இவ்வண்டைமையின் பயனைத் தெலுங்கு உயிரொலிகள் பற்றிய ஆய்வு தெளிவாகக் காட்டும். சங்கர் கே. பால், டி. தத்த மஜூம்தார் ஆகியோர் 1977இல் உயிரொலிகளையும் பேசுவோரையும் பொறியால் இனங்காணும் முறையொன்றை வெளியிட்டனர். 30 முதல் 35 வயதுக்குட்பட்ட ஆடவர் மூவர் ஒலித்த 871 தெலுங்கு உயிரொலிகள் தரவாக அமைந்தன. ஒவ்வோர் ஒலிக்கும் மூன்று அளவுகள் குறிக்கப்பெற்றன. அவை, குரல்வழியின் ஒத்திசைவால் வலுப்பெறும் முதல் மூன்று அலைவெண் முகடுகள்.

உயரத்துக்கும் மூக்கின் அகலத்துக்கும் எழுந்த இடர் இங்கும் எழுகிறது. முதல் முகட்டைவிட இரண்டாம் முகட்டின் எண்கள் பெரியவை. ஒருவரின் ஒலிப்புக்கும் மற்றொருவரின் ஒலிப்புக்கும் அவை வேறுபடுகின்றன. இரு உயிரொலிகளின் பரப்புகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. ஆகவே ஆய்வாளர்கள் ஃபஸி கணக் கோட்பாட்டைக் கையாண்டனர். ஓர் ஒலி ஒரு வகுப்பைச் சேர்ந்தது அல்லது சேராதது எனத் துணிவதற்கு மாறாக, அது எந்த அளவுக்குச் சேர்கிறது என்பதைச் சுழிக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட எண்ணால் இக்கோட்பாடு குறிக்கிறது.

இத்தரவு பின்னர்ப் பொறியியல் ஆய்வுகள் பலவற்றில் சோதனைக் களமாகப் பயன்பட்டது. அதன் வகுப்புகள் ஆறு. தெலுங்கின் அடிப்படை உயிர்களோ, குறிலும் நெடிலுமாகப் பத்து. அகரமும் ஆகாரமும் ஒலிப்புத் தன்மையிலேயே வேறுபடுவதால் தனி வகுப்புகளாயின. ஏனைய குறில் நெடில் இணைகள் பெரும்பாலும் கால அளவால் வேறுபடுவன. அலைவெண் முகடுகள் கால அளவைக் காட்டமாட்டா. எனவே இகரமும் ஈகாரமும் ஒரே வகுப்பில் அடங்கின.

பொறியியல் நோக்கில் இது நேரிய முடிவு. மொழியியல் நோக்கிலோ, தெலுங்கில் குறில் நெடில் வேறுபாடு ஒலியன் வேறுபாடாகும். 'விதி', 'வீதி' என்னும் இரு சொற்களும் தமிழில் போலவே தெலுங்கிலும் வழங்குகின்றன. ஆறு வகுப்பினுள் இவ்விரு சொற்களின் முதலுயிர்கள் ஒன்றே. பொறி அவ்வுயிர்களைப் பிழையின்றி இனங்கண்டாலும் சொற்களை வேறுபடுத்த இயலாது. இக்குறை கணக்கீட்டில் தோன்றியதன்று. எவற்றை அளப்பது என்னும் தேர்விலேயே அமைந்தது. பின்னர் அத்தரவைப் பயன்படுத்தியோர்க்கு ஆறு என்னும் எண் மட்டுமே தெரிந்தது. அவ்வெண் எவ்வாறு பெறப்பட்டது என்னும் செய்தி பின்னணிக்குச் சென்றது.

5. எழுத்துணரியும் இலக்கணமும்

அச்சிட்ட வங்காள எழுத்துகளை இனங்காணும் பொறியமைப்பொன்றைப் பி.பி. சௌதுரியும் யூ. பாலும் 1998இல் வெளியிட்டனர். வங்காள எழுத்துகளை மேலே இணைக்கும் 'மாத்ரா' என்னும் கிடைக்கோட்டை முதலில் கண்டறிந்து, அதனைக் கொண்டே சொல்லை எழுத்துகளாகப் பிரிப்பது அவர்கள் முறை. தனியெழுத்து, சார்பு வடிவம், கூட்டெழுத்து என ஏறத்தாழ 300 வடிவங்களை அது எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

வடிவங்களை மட்டும் கொண்டு பிழைகளைக் களைய இயலவில்லை. எனவே வேர்ச்சொற்களுக்கு ஓர் அகராதியும் விகுதிகளுக்கு ஓர் அகராதியும் தனித்தனியே தொகுக்கப்பட்டன. சொல்லமைப்பு, தொடரமைப்புச் செய்திகளும் அவற்றில் இடம்பெற்றன. வங்காளச் சொற்கள் விகுதியேற்றுப் பல வடிவம் பெறுவதால், எல்லா வடிவங்களையும் ஒரே பட்டியலில் அடக்குவதைவிட இப்பகுப்பு சிக்கனமானது. தெலுங்கு ஆய்வில் மொழியின் வேறுபாடொன்று வகுப்புக்குள் மறைந்தது. இங்கோ, மொழியின் சொல்லமைப்பே பொறியின் உள்ளுறுப்பாயிற்று. முன்னதில் வகைப்பாடு கருவியின் எல்லையைத் தழுவியது. பின்னதில் கருவி மொழியின் பகுப்பைத் தழுவியது.

6. முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து இரண்டு கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, துறைகளின் பன்மை ஒரே இடத்தில் கூடுவதால் கருவிகள் எளிதில் கைமாறுகின்றன. உடலளவுக்குப் பிறந்த தொலைவு, பிற்காலத்தில் பேச்சொலிகளை வகைப்படுத்தும் ஆய்வுகளிலும் எடுத்தாளப்பட்டது. இரண்டாவது, கருவியோடு வகைப்பாடு தானே உடன் வருவதில்லை. சாதிப் பெயராயினும் உயிரொலியாயினும் எழுத்து வடிவாயினும், அவற்றை வரையறுப்பது அந்தந்தத் துறையின் கடமை. மொழிக்குரிய வரையறையை மொழியியலாளர் தராதபோது, கையிலுள்ள கருவி எதை அளக்க வல்லதோ அதுவே மொழியின் அலகாகிவிடும்.

இன்றைய மொழிபெயர்ப்புப் பொறிகளிலும் இச்சிக்கல் தொடர்கிறது. அவற்றுட் பல, சொற்களை உருபன்களாகப் பிரிக்காமல், பயிலும் அடுக்கைக் கொண்டு துண்டுகளாக்குகின்றன. விகுதி பல ஏற்கும் தமிழ் வினைமுற்று ஒன்று காலங்காட்டும் இடைநிலையின் நடுவே முறிந்துபோகலாம். வெளியீட்டில் காணும் பிழையைத் திருத்தும் மொழிபெயர்ப்பாளர், அப்பிழை பெயர்ப்பில் நேர்ந்ததா, அதற்கு முற்பட்ட பகுப்பிலேயே அமைந்ததா என வினவுதல் வேண்டும். தரவைத் தொகுப்போரும் தம் வகுப்புகள் எத்தனை என்பதோடு, எவ்வேறுபாடுகள் அவற்றுள் ஒடுக்கப்பட்டன என்பதையும் பதிவு செய்தல் இன்றியமையாதது. தமிழில் 'எண்ணுதல்' என்னும் வினை கணக்கிடுதலையும் கருதுதலையும் ஒருங்கே குறிக்கும். கணக்கிடும் பணியைப் பொறி ஏற்றுக்கொண்ட பின்னரும், கருதும் பணி ஆய்வாளரிடமே உள்ளது.