சசானே தோட்டத்து மருத்துவமனை

சென்ற வாரம் பம்பாய் மாண்டவியில் நின்றோம். 1896 செப்டம்பரில் அங்கே டாக்டர் வியேகாஸ் அடையாளம் கண்ட பிளேக், சில மாதங்களிலேயே புனேவுக்கும் வந்துவிட்டது. கடும் காய்ச்சல், அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டும், பலருக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது. கிருமியை யெர்சின் 1894இலேயே ஹாங்காங்கில் கண்டுபிடித்திருந்தார். எலியின் உடம்பிலிருக்கும் தெள்ளுப்பூச்சிதான் அதைப் பரப்புகிறது என்று சிமோன் கண்டறிந்ததோ 1898இல். இடைப்பட்ட அந்தக் காலத்தில், எதைத் தொட்டால் நோய் வரும் என்றே யாருக்கும் தெரியாது.

அரசு சட்டத்தைக் கையிலெடுத்தது. 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. புனேவின் பிளேக் கமிட்டிக்கு ராண்ட் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி தலைவரானார். மார்ச்சில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நோயாளிகளை எடுத்துப்போக வீடு வீடாக நுழைந்தார்கள். அடுப்படி, பூஜையறை எதுவும் மிச்சமில்லை. ராண்டின் நோக்கம் நோயை நிறுத்துவதுதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஜனங்கள் சிப்பாய்க்குப் பயந்து நோயாளியை ஒளித்துவைத்தார்கள். ஜூன் 22, விக்டோரியா மகாராணியின் வைரவிழா இரவில், சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். பாடப்புத்தகங்களில் புனே பிளேக் என்றால் பெரும்பாலும் இந்தத் துப்பாக்கிச் சத்தம்தான்.

சிப்பாய்கள் வருவதற்கு முன்பே அதே ஊரில் வேறொரு வேலை தொடங்கியிருந்தது. அதைச் செய்தவர் சாவித்ரிபாய் பூலே. அப்போது வயது 66. கணவர் ஜோதிராவ் 1890இலேயே காலமாகிவிட்டார். பெண்களுக்குப் பாடம் சொல்லப் போன காலத்தில் சாணியும் சேறும் எறிந்தது இதே புனேதான். அந்த ஊர் நோயில் விழுந்தபோது, ராணுவத்தில் மருத்துவராக இருந்த வளர்ப்பு மகன் யஷ்வந்தை வரவழைத்தார். ஊருக்கு வெளியே ஹடப்சர் பக்கம் சசானே தோட்டத்தில் நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை திறந்தார்கள். யஷ்வந்த் பிராமண விதவை ஒருவருக்குப் பிறந்தவர். ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிய அந்தத் தாய்க்கு அடைக்கலம் கொடுத்து, பிள்ளையைப் பூலே தம்பதியர் தத்தெடுத்திருந்தார்கள்.

அங்கே என்ன வைத்தியம் நடந்திருக்கும்? பிளேக்கைத் தீர்க்கும் மருந்து உலகில் எங்குமே இல்லாத காலம் அது. படுக்க இடம், குடிக்கத் தண்ணீர், கஞ்சி, பக்கத்தில் ஓர் ஆள். எந்த மருத்துவமனையும் இதற்கு மேல் பெரிதாகக் கொடுத்திருக்க முடியாது. ஆனால் அந்த ஒரு ஆள் கிடைப்பதுதான் அரிதாக இருந்தது. மகர் என்ற சாதியாரைத் தொடாமலே பழகிய ஊரில், இப்போது சொந்தக்காரனைத் தொடவே சொந்தக்காரன் பயந்தான்.

முண்ட்வா கிராமத்து மகர் குடியிருப்பில் ஒரு சிறுவனுக்கு நோய் கண்டது. சாவித்ரிபாய் தாமே போய் அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். சிறுவன் பிழைத்தான் என்கிறார்கள். அவரைப் பிளேக் பிடித்துக்கொண்டது. மார்ச் 10 அன்று இறந்தார். சிப்பாய்களின் வீட்டுச் சோதனை தொடங்கியது அதற்குச் சில நாட்கள் கழித்து.

சிப்பாய்களின் சோதனையையும் சாவித்ரிபாயின் மருத்துவமனையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நோயாளியை வீட்டிலிருந்து எடுத்துப்போவதுதான் இரண்டு தரப்பும் செய்தது. ஒரு தரப்பு வந்தபோது கதவுகள் அடைபட்டன. மற்றதற்கு ஒரு மகர் குடும்பம் தன் பிள்ளையையே கொடுத்தது. சாவித்ரிபாயோடு கிட்டத்தட்ட ஐம்பது வருஷத்துப் பழக்கம் அந்த நம்பிக்கைக்குப் பின்னால் இருந்தது. அதை ஒரே மாதத்தில் சட்டம் போட்டு வரவழைக்க ராண்டால் எப்படி முடியும்?

1905இல் புனேவில் மறுபடி பிளேக். யஷ்வந்த் மறுபடி வைத்தியம் பார்க்க வந்தார். அவரும் அதே நோயில் இறந்தார்.

1897க்குத் திரும்பினால், அந்த ஜனவரியில் பம்பாயில் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி பிளேக்குக்குத் தாம் தயாரித்த தடுப்பூசியை முதலில் தம் உடம்பிலேயே போட்டுப் பார்த்திருந்தார். அடுத்து பைகுல்லா சிறைக்குப் போனார். கைதிகள் ஏன் கையை நீட்டினார்கள் என்பது அடுத்த வாரம்.