கோட்டுக்கு அடியில் ஒரு மேடு

காளஹஸ்தியில் கலம்காரி வரைகிறவர்கள் முதலில் துணியைக் கடுக்காய் கலந்த பாலில் நனைத்துக் காயவைப்பார்கள். இரும்பையும் வெல்லத்தையும் பல நாள் ஊறப்போட்டு எடுத்த மசியை மூங்கில் குச்சியால் தொட்டு அதன்மேல் இழுப்பார்கள். கடுக்காய் ஏறிய நூலில் பட்டதும் கோடு கன்னங்கரேலென்று பிடித்துக்கொள்ளும். வெறும் துணியில் அதே மசிக்கு அந்தக் கருமையும் இல்லை, பிடிப்பும் இல்லை.

சாலையைக் கடக்கப் போடும் வெள்ளைக் கோட்டுக்கும் அடியில் ஒன்று தேவைப்பட்டது. அது வந்து சேர இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

1934இல் பிரிட்டனின் போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா. கடக்கும் இடங்களைக் காட்டக் கறுப்பு வெள்ளைக் கம்பத்தின் உச்சியில் ஆரஞ்சு நிறக் குமிழ் வைத்தவர் அவர்தான். அதே ஆண்டு டிசம்பரில் லண்டனின் மேற்கே வெஸ்டர்ன் அவென்யூ ஓரமாக ஏறக்குறைய 4 கி.மீ. நீளத்துக்குத் தனி சைக்கிள் பாதையையும் திறந்துவைத்தார். சைக்கிள்காரர்கள் மகிழவில்லை. குறுக்குச் சாலை வந்தபோதெல்லாம் பாதை அறுந்தது. நின்று, மோட்டார் வண்டிக்கு வழிவிட்டு, மறுபடி மிதிக்க வேண்டும். ஆபத்து காத்திருப்பது முனையில்தான், அந்த முனையில் பாதை அவர்களைக் கைவிட்டது. அவர்கள் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

அன்றைய கடவைகளில் கோடு கிடையாது, தரையில் பதித்த உலோகக் குமிழ்கள் மட்டும். நடப்பவர் கண்ணுக்கு அவை தெரியும், வேகமாக வரும் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. போருக்குப் பிறகு பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடம் பல நிறங்களையும் வடிவங்களையும் சோதித்தது. 1949இல் நாடெங்கும் ஏறக்குறைய ஆயிரம் இடங்களில் போட்டுப் பார்த்தார்கள். அகலமான கறுப்பு வெள்ளைப் பட்டைகளே தூரத்திலிருந்து பளிச்சென்று தெரிந்தன. 1951இல் அது சட்டமாயிற்று. வரிக்குதிரை என்ற பெயரை வைத்தவர் பின்னாளில் பிரதமரான ஜேம்ஸ் காலகன் என்று ஒரு பேச்சு உண்டு.

தெரிந்தால் போதுமா? மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வருபவர் ஒரு நொடியில் சுதாரித்துப் பிரேக்கை அழுத்தினாலும் வண்டி நிற்பதற்குள் சுமார் 28 மீட்டர் ஓடிவிடும். 30 கி.மீ. வேகம் என்றால் 13 மீட்டர். சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளையின் உயிர் இந்த 15 மீட்டர் வித்தியாசத்தில் இருக்கிறது. பெயிண்டால் அதைக் குறைக்க முடியாது.

வேகத்தைக் குறைக்க மேடு வேண்டும். அதைப் பற்றி வாட்ஸ் என்ற ஆய்வாளர் 1973இல், பிரிட்டனின் அதே ஆய்வுக்கூடத்திலிருந்து எழுதினார். குறுகலான செங்குத்து மேட்டில் வேகமாகப் போகிறவருக்குக் குலுக்கல் குறைவு, அதிர்ச்சியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். மெதுவாகப் போகிறவர்தான் துன்பப்படுவார். 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் என்று நீண்டு வளைந்த மேட்டிலோ வேகம் கூடக் கூடக் குலுக்கலும் கூடும். நம் நாட்டு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வேகத்தடைக்குச் சொல்லும் அளவும் இதேதான். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம். நம் தெருக்களில் கையகலத்துக்குத் தார் கொட்டி எழுப்பும் மேடுகள் அந்த அளவுக்கு எவ்வளவு தூரம் என்று ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போன எவருக்கும் இடுப்பு சொல்லும்.

மேட்டின் உச்சியைத் தட்டையாக்கி அதன்மேல் கடவையை வைத்தபோது கோட்டுக்குக் கடுக்காய் கிடைத்தது. நம் பொறியாளர்கள் அதை டேபிள் டாப் என்கிறார்கள்.

சைக்கிள் பாதைக்கு அதை முழுமையாக்கிக் காட்டியது நெதர்லாந்து. அங்கே 1971இல் மட்டும் சாலையில் இறந்தவர்கள் 3,000க்கு மேல். அவர்களில் குழந்தைகளே 400க்கு மேல். மகளைப் பறிகொடுத்த விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர் 1972இல் ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்று எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோரும் பிள்ளைகளும் தெருவில் இறங்கினார்கள். எழுபதுகளின் நடுவில் தில்பர்க், ஹேக் நகரங்களில் அரசு பணம் கொடுத்து மாதிரி சைக்கிள் பாதைகள் அமைத்தது. இன்று அந்நாட்டில் சந்து வந்து சேரும் பல இடங்களில் சிவப்புத் தார் போட்ட சைக்கிள் பாதை அறுபடாமல், மட்டம் இறங்காமல் நேரே போகிறது. சந்திலிருந்து வரும் கார்தான் சரிவில் ஏறி, வழிவிட்டு, இறங்க வேண்டும். மிதிப்பவருக்கு மேடே தெரியாது. வெஸ்டர்ன் அவென்யூ சைக்கிள்காரர்களுக்கு 1934இல் கிடைக்காதது இதுதான்.

இந்தியச் சாலைகளில் 2022இல் உயிரிழந்த நடைபயணிகள் 32,825 பேர். காளஹஸ்தியில் நடப்பவருக்கும் மிதிப்பவருக்கும் மிஞ்சுவது சாலையின் ஓரம்தான். சிவராத்திரி பிரம்மோற்சவக் கூட்டத்தில் அதுவும் மிஞ்சாது. தேர் ஓடும் வீதியில் மேடு எழுப்புவதா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. தேர்ச் சக்கரத்துக்கு முன்னால் மேடு கூடாது. ஆனால் நெதர்லாந்து வழியில் வீதியின் குறுக்கே எதுவும் வராது. வீதியோடு சேரும் சந்துகளின் வாயில்தான் மேடை வரும், ஓரத்து நடைபாதையின் மட்டத்திலேயே. தேர் தன் தடத்தில் போகும். சந்திலிருந்து வரும் ஆட்டோ 10 செ.மீ. ஏறி, ஒரு கணம் நின்று, பூக்கூடையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போகிறவரை விட்டுவிட்டு இறங்கும்.